டயர் சைஸ் மாத்தினீங்களா, மீட்டர செட் பண்றதுக்கு முன்னாடி இதப் படிச்சிடுங்க

எங்க பிக்கப்புல 215/75 ஆர் 15 டயர்தான் ஓடிட்டிருந்துச்சு. தேயிலைத் தோட்டத்துக்குள்ள போற மண் ரோட்டுல அடியில கல் இடிக்குதுன்னு 235/75 ஆர் 15 போட்டோம், வண்டி பார்க்கவும் கொஞ்சம் கம்பீரமா இருந்துச்சு. ரெண்டு மாசம் கழிச்சு டீசல் நோட்டுப் பார்க்கறேன், கோத்தகிரி டு மேட்டுப்பாளையம் கேரட் லோடுல லிட்டருக்கு 12 குடுத்த வண்டி பதினொன்னரைக்கு வந்து நிக்குது. டிரைவர் தம்பிகிட்ட "டீசல் எங்கடா போகுது"ன்னு கேட்டுட்டேன். பாவம், அவன் ஒரு சொட்டு கூட தொடல.

கணக்கு சிம்பிள்தான். 215 மில்லி அகலத்துல 75 சதவீதம் டயரோட பக்க உயரம், அத ரெண்டால பெருக்கி ரிம் 15 இஞ்ச், அதாவது 381 மில்லி கூட்டினா 703.5 மில்லி விட்டம். 235க்கு அதே கணக்கு போட்டா 733.5. நாலே கால் சதவீதம் பெருசு. வண்டி டயர் எத்தன சுத்து சுத்துதுன்னு மட்டும்தான் எண்ணும், டயர் பெருசாச்சுன்னு அதுக்கு யாரு சொல்றது? மீட்டர்ல 100 கிலோமீட்டர் ஏறும்போது நிஜமா 104 தாண்டி ஓடியிருக்கும், பழைய டயர்ல சரியா காட்டின முள்ளா இருந்தா, 60ல நிக்கும்போது நிஜ வேகம் 62 தாண்டி இருக்கும். மைலேஜ் குறையவே இல்ல, மீட்டர்தான் கிலோமீட்டர முழுங்கிட்டு இருந்திருக்கு.

இதுல நான் பார்த்த முதல் தப்பு, ஒரு மெக்கானிக் மீட்டர் கண்ணாடியக் கழட்டி முள்ள பிடுங்கி ரெண்டு கோடு தள்ளி மறுபடி குத்தினது. 50ல சரியாத்தான் காட்டுச்சு. ஆனா தப்பு சதவீதத்துல இருக்கு, 20ல ஒரு கிலோமீட்டர் கூட வித்தியாசம் வராது, 80ல மூணு தாண்டும், முள்ள எங்க குத்தினாலும் ஒரு இடத்துலதான் சேரும். வண்டி நிக்கும்போதே முள் ஜீரோவுக்கு மேல உக்காந்திருந்தா இந்த வேலைதான் நடந்திருக்குன்னு வெச்சுக்கோங்க. அது போக கிலோமீட்டர எண்ணுற பாகத்துக்கும் முள்ளுக்கும் சம்பந்தமே இல்ல, அது அப்படியேதான் தப்பா ஓடும்.

அடுத்தது போன்ல ஜிபிஎஸ் ஸ்பீட வெச்சு முள்ள அதோட கச்சிதமா சேர்க்கறது. கேக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா கம்பெனில இருந்து வரும்போதே முள் கொஞ்சம் கூடுதலாத்தான் காட்டும், ஐ.நா. வாகன விதி 39ல முள் நிஜ வேகத்த விட கம்மியா காட்டவே கூடாதுன்னு இருக்கு, காருக்கு நிஜ வேகத்துல பத்துல ஒரு பங்கும் அதுக்கு மேல 4 கிலோமீட்டரும் வரைக்கும் கூடலாம். கிலோமீட்டர எண்ணுற பாகத்துல அந்த கூடுதல் பெரும்பாலும் இருக்காது. அதனால முள்ளுக்கும் கிலோமீட்டருக்கும் பொதுவா வர்ற சுத்துக் கணக்க மாத்தி ஸ்பீட ஜிபிஎஸோட சேர்த்துட்டா கிலோமீட்டர் கம்மியா ஏற ஆரம்பிச்சிடும். செட் பண்ண வேண்டியது தூரத்த வெச்சு, முள் ரெண்டு மூணு கூட காட்டினா காட்டட்டும். நம்ம மலையில யாரு 80ல போறாங்க, கொண்டை ஊசி வளைவுல 20 போனாலே பின்னாடி கேரட் மூட்டை சரியுது. நமக்கு டீசல் கணக்கு, ஆயில் மாத்தற கணக்கு, வாடகை கணக்கு எல்லாமே கிலோமீட்டர்லதான் நிக்குது.

ஆனா தூரத்த குன்னூர் மலைப்பாதையில வெச்சு பார்க்காதீங்க. ஜிபிஎஸ் புள்ளி புள்ளியா வெச்சு நேர்கோட்டுல இணைக்கும், வளைவுக்கு வளைவு குறுக்கால வெட்டிட்டுப் போகும், மரத்துக்கு அடியில சிக்னல் வேற தாவும், தூரம் கம்மியாத்தான் வரும். ஏத்தம் இருக்கறதால தப்பா காட்டுதுன்னு சிலர் சொல்வாங்க, அது பெரிய விஷயமில்ல, நூறு அடிக்கு எட்டு அடி ஏறுற ரோட்டுலயும் 0.3 சதவீதம்தான் வித்தியாசம். வளைவுதான் வில்லன். லோடு இறக்கிட்டு மேட்டுப்பாளையம் தாண்டி கோயம்புத்தூர் ரோட்டுல பத்து பதினஞ்சு கிலோமீட்டர் நேரா ஓட்டிப் பாருங்க. கிலோமீட்டர் கல்ல வெச்சு பார்க்கறதா இருந்தாலும் ரெண்டு கல்லுக்கு நடுவுல மட்டும் பார்க்காதீங்க, ரோடு அகலப்படுத்தும்போது கல்ல எங்கயாவது நகத்தி நட்டிருப்பாங்க.

கேபிள் மீட்டர் வண்டில கியர்பாக்ஸ்ல கேபிள சுத்தற சின்ன பல்சக்கரத்த, அதாவது பினியன மாத்தணும், இங்கதான் திசை மாறிப் போறாங்க. டயர் பெருசாச்சேன்னு பல்லு அதிகமான பினியன் வாங்கிடறாங்க. பல்லு குறைஞ்சாத்தான் கேபிள் வேகமா சுத்தும்! 20 பல்லு இருந்தா எங்க டயருக்கு 19 வரும், கிட்டத்தட்ட ஒரு சதவீதம் கூடுதலா காட்டும், பரவால்ல. அதுக்கு பதிலா 21 போட்டீங்கன்னா நாலு சதவீத தப்பு ஒம்போது ஆயிடும். கேபிளுக்கு பதிலா சென்சார் இருக்கற வண்டில, சென்சாருக்கும் மீட்டருக்கும் நடுவுல மாட்டற, சிக்னல மாத்தற சின்ன பாக்ஸ்லயும் இதே கதை, சிக்னல கூட்டணும், குறைக்கக் கூடாது. ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்காம பார்க்கறது) சென்சார்ல இருந்து ஸ்பீட் எடுக்கற புது வண்டின்னா ஸ்கேனர் போட்டு டயர் சுற்றளவ மாத்தணும், சில மாடல்ல அதுக்கு வழியே கிடையாது, டயர் வாங்கறதுக்கு முன்னாடியே கேட்டுக்கோங்க.

சுற்றளவு கேட்டா டயர் மேல இருக்கற நம்பர்ல இருந்து கணக்கு போட்டு குடுக்காதீங்க. எங்களுக்கு கணக்குல 2 மீட்டர் 30 சென்டி. டயர்ல சாக்பீஸ் கோடு போட்டு, லோடோட, சரியான காத்தோட வண்டிய நேரா அஞ்சு சுத்து தள்ளி டேப் வெச்சா 11 மீட்டர் 20 சென்டி வந்துச்சு, அஞ்சால வகுத்தா 2.24. எடைக்கு டயர் அமுங்குதுல்ல. புது டயருக்கும் தேஞ்ச டயருக்குமே ரெண்டு சதவீதம் வரைக்கும் வித்தியாசம் வரும், அதனால பட்டன் தேஞ்சு வழுக்கையான பழைய டயர அளந்து புதுசோட ஒப்பிடாதீங்க.

ஸ்பீட் கவர்னர், அதாவது வேகத்த கட்டுப்படுத்தற கருவி இருக்கற வண்டில அதோட சீல நீங்களா தொடாதீங்க, எஃப்சிக்கு (தகுதிச் சான்று) வண்டிய காட்டற அன்னிக்கு மாட்டிக்குவீங்க.

கடைசியா ஸ்டெப்னி. நாலு டயர மாத்திட்டு அஞ்சாவத பழசாவே விட்டுட்டோம், பர்லியார் பக்கத்துல பின் டயர் பஞ்சராகி அத மாட்டினோம், இடது பக்கம் வண்டி ஒன்றரை சென்டி இறங்கி நிக்குது, ரெண்டு பின் சக்கரமும் வேற வேற வேகத்துல சுத்த விடற டிஃபரன்ஷியல் ஊர் வந்து சேர்ற வரைக்கும் சும்மாவே சுத்திட்டு வந்துச்சு. ஃபோர் வீல் டிரைவ் வண்டியா இருந்து தார் ரோட்டுல நாலு சக்கரத்தையும் போட்டிருந்தா முன் பின் சக்கரத்துக்கு பவர பிரிக்கற கியர் பாக்ஸே போயிருக்கும். அஞ்சாவது டயர் அடுத்த வாரமே வாங்கிட்டேன், தம்பிக்கு ஒரு பிரியாணியும்.