அல்ப்ஷ்டைன்: ஒரு சின்ன மலைத்தொடரை வரைபடத்தில் படிக்கப் பழகுவோம்

வடகிழக்கு சுவிட்சர்லாந்தில், ரைன் பள்ளத்தாக்குக்கு மேற்கே நிற்கிறது அல்ப்ஷ்டைன். இதன் உச்சி சென்டிஸ், 2502 மீட்டர். அங்கிருந்து கிழக்கு முனையான ஹோகர் காஸ்டன் சிகரத்துக்கு நேர்கோட்டில் சுமார் 11 கி.மீ. மட்டுமே. மலை முழுவதும் வரைபடத்தில் ஒரு மேசைக்குள் அடங்கிவிடும் என்பதால் புதிதாகப் பழகுவோருக்கு இது மிகப் பொருத்தம்.

சுவிஸ் அரசின் 1:25,000 வரைபடத்தில் 1115ஆம் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். கூடவே டிரேசிங் தாள், கிராஃப் தாள், வண்ணப் பென்சில்கள். 4 செ.மீ. என்பது 1 கி.மீ.

1. முகடுகள்

சிகரப் பெயர்களை மனப்பாடம் செய்யாதீர்கள், முகடுகளைத் தேடி டிரேசிங் தாளில் கோடாக வரையுங்கள். தென்மேற்கிலிருந்து வடகிழக்காக மூன்று வரிசைகள் ஓடுகின்றன. வடக்கு வரிசையில் சென்டிஸ், ஷெஃப்ளர், ஏபன்ஆல்ப். நடுவில் ஆல்ட்மன், மார்வீஸ், ஆல்ப் சீகல். தெற்கில் குரோய்ட்ஸ்பெர்க, ஸ்டௌபரன், ஹோகர் காஸ்டன். கடலடியில் படிந்த சுண்ணாம்புப் பாறை, ஆல்ப்ஸ் எழுந்தபோது ஜமக்காளம் போல மடிந்ததால் வந்த வரிசைகள் இவை.

இங்கேதான் பலர் முகட்டையும் பள்ளத்தையும் மாற்றிப் போடுகிறார்கள். சமஉயரக் கோடுகளின் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) வளைவு மேட்டை நோக்கிக் கூர்மையானால் பள்ளம், இறக்கத்தை நோக்கிக் கூர்மையானால் முகடு. நீல ஓடை ஓடும் இடத்தில் சரிபார்த்துவிடுங்கள். செங்குத்துப் பாறைகளில் கோடுகள் நெருங்கிக் காணாமலே போகும். அங்கே கோடுகளை எண்ணாமல், அச்சிட்ட உயரப் புள்ளிகளை மட்டும் நம்புங்கள்.

2. குறுக்கே ஓடும் பிளவு

தெற்கே சாக்ஸ் ஊரையும் வடக்கே ஷ்வெண்ட ஊரையும் அடிக்கோலால் இணையுங்கள். சாக்ஸர் லூக்க கணவாயும், மார்வீஸுக்கும் ஆல்ப் சீகலுக்கும் இடைப்பட்ட போகார்டன் கணவாயும் அந்தக் கோட்டை ஒட்டியே வரும். இது மூன்று வரிசைகளையும் வெட்டும் பெரிய பிளவு. இதைத் தாண்டும் இடத்தில் முகட்டுக் கோடு விலகினால் உங்கள் கை பிசகிவிட்டதென்று அழிக்க வேண்டாம். நிலமே அங்கே விலகித்தான் இருக்கிறது. எங்களுக்கு இந்த மலையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

3. தண்ணீர்

மூன்று ஏரிகளுக்கும் நீலம் தீட்டுங்கள். ஸேயால்ப் ஏரியிலிருந்து ஓடை வெளியேறி சிட்டர் ஆற்றில் சேர்கிறது. ஃபேலன், செம்டிஸ் ஏரிகளிலிருந்து வெளியே ஓடும் ஓடையைத் தேடினால் கிடைக்காது. வரைபடத்தில் பிழையில்லை: சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகள் வழியே தண்ணீர் நிலத்தடியில் இறங்கி, ரைன் பள்ளத்தாக்கில் ஊற்றாக வெளிவருகிறது. அதனால் மேலே தெரியும் முகட்டை நீர்ப்பிரி (தண்ணீர் இரு பக்கமாகப் பிரிந்து ஓடும் எல்லை) என்று இங்கே கண்ணை மூடிக்கொண்டு எழுதக் கூடாது.

4. குறுக்குவெட்டு

மலையை வெட்டிப் பக்கவாட்டில் பார்ப்பது போன்ற படம்தான் குறுக்குவெட்டு. ஷெஃப்ளரிலிருந்து தென்கிழக்கே சாக்ஸர் லூக்க வரை கோடு போடுங்கள். கோட்டை வெட்டும் உயரங்களைத் துண்டுக் காகிதத்தில் குறித்து, கிராஃப் தாளுக்கு மாற்றுங்கள். செங்குத்து அச்சை 1000 மீட்டரில் தொடங்கினால் போதும். 100 மீட்டருக்கு 4 மி.மீ. என்பது உண்மையான அளவு, 8 மி.மீ. வரை போகலாம். அதற்கு மேல் போனால் புல்சரிவும் சுவர்போல நிற்கும். ஷெஃப்ளர் சுமார் 1925 மீட்டர், ஸேயால்ப் ஏரி சுமார் 1140. உண்மையான அளவில் இந்த இறக்கம் 31 மி.மீ. வர வேண்டும். வராவிட்டால், அடுத்தடுத்த இரு கோடுகளுக்கு இடையே 20 மீட்டர் என்பதை மறந்து 10 என்று எண்ணியிருப்பீர்கள்.