ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறீர்களா? வார நாளில் இறங்குங்கள்

ஜெர்மனிக்கு முதன்முறை படிக்கப் போகும் மாணவர்கள், திங்கள் முதல் வியாழனுக்குள் ஒரு நாள் காலையில் போய்ச் சேரும்படி விமான டிக்கெட் எடுங்கள். கட்டணம் சற்றுக் கூடினாலும் இதுவே லாபம்.

மாணவர் விடுதிகளில் அறைச் சாவியைப் பெரும்பாலும் கட்டடப் பொறுப்பாளர்தான் தருவார். அவர் வேலை நாட்களில், குறிப்பிட்ட நேரத்தில் மட்டுமே இருப்பார். சனிக்கிழமை போய் இறங்கினால் திங்கள் வரை ஓட்டல் செலவு உங்கள் தலையில்தான். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் சட்டப்படி மூடியிருக்கும் என்பதால், அரிசி, பால்கூட வாங்குவது கடினம். குளிர்கால செமஸ்டருக்குப் போகிறவர்கள் அக்டோபர் 3-ஐயும் தவிர்த்துவிடுங்கள். அது நாடு முழுவதும் விடுமுறை.

நண்பர் வீட்டில் தங்குகிறவர்களுக்கும், வார இறுதியிலும் சாவி கிடைக்கும் என்று விடுதி எழுத்தில் உறுதி தந்தவர்களுக்கும் இந்தக் கணக்கு தேவையில்லை. வேறு வழியின்றி ஞாயிறன்றே இறங்க நேர்ந்தால், பெர்லின் மத்திய ரயில் நிலையம் போன்ற பெரிய நிலையங்களுக்குள் இருக்கும் சூப்பர் மார்க்கெட்டைத் தேடுங்கள். அவற்றுக்கு ஞாயிறன்றும் திறக்க அனுமதி உண்டு.