புள்ளிக்குப் பயந்து படத்தைக் கோட்டை விடுவது: கேமரா பழகுபவர்கள் தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கேமராவும் கையுமாகச் சுற்றும் ஒரு சின்னக் கூட்டத்தில் நானும் ஒருவன். ஆறேழு பேர் இருப்போம். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் போன வாரம் தன் கேமராவை என் முகத்துக்கு நேரே நீட்டினான். "அண்ணா, இந்த லென்ஸ் ஷார்ப்பாவே இல்லண்ணா. வித்துட்டு வேற வாங்கலாம்னு இருக்கேன்."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அடர்ந்த மர நிழலில் இரண்டு குழந்தைகள் ஓடிப் பிடித்து விளையாடுகிறார்கள். பிடித்த ஒளியைக் கேமரா எவ்வளவு பெருக்கிக் காட்ட வேண்டும் என்று சொல்லும் எண்ணான ஐ.எஸ்.ஓ. 100. ஷட்டர் திறந்திருக்கும் நேரம், அதாவது ஷட்டர் வேகம், 1/20 நொடி. லென்ஸ் பாவம், அது ஒரு தப்பும் செய்யவில்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டு வருடங்களுக்கு முன்னால் ஏறக்குறைய இதே வசனத்தை நானும் பேசியிருக்கிறேன். பேசியதோடு நிற்காமல் லென்ஸையும் வாங்கித் தொலைத்தேன்.

லென்ஸ் மூடியைக் கழற்ற மறப்பது, பேட்டரியைச் சார்ஜரிலேயே விட்டுவிட்டு வருவது, அடிவானம் சாய்ந்து கிடப்பது ஆகியவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவை தாமே காட்டிக்கொடுத்துவிடும். ஒருமுறை அசடு வழிந்தால் அடுத்த முறை நினைவிருக்கும். நான் சொல்ல வருவது வேறு வகைத் தவறுகள். தப்பு நம்முடையதாக இருக்கும். பழி மட்டும் லென்ஸ் மேலோ வெளிச்சத்தின் மேலோ விழும். அதனாலேயே வருடக்கணக்கில் திருந்தாமல் இருப்போம்.

ஐ.எஸ்.ஓ.வை ஏற்றப் பயப்படுவது

கேமரா வாங்கிய புதிதில் யாரோ ஒருவர் எனக்கு உபதேசம் செய்தார்: "ஐ.எஸ்.ஓ. 400ஐத் தாண்டாதே, படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக நாய்ஸ் வந்துவிடும்." வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

அந்த வருடம் அண்ணன் மகள் பள்ளி நாடகத்தில் நடித்தாள். அண்ணி முன்கூட்டியே சொல்லிவிட்டார்: "வேற யாரும் போட்டோ எடுக்க வேண்டாம், நீதான் இருக்கியே." நான் நான்காவது வரிசையில் உட்கார்ந்து, ஜூம் லென்ஸை 200 மி.மீ.க்கு நீட்டி, லென்ஸ் துளையை, அதாவது அப்பர்ச்சரை, எஃப்/5.6 (எண் குறைந்தால் துளை பெரிது), ஐ.எஸ்.ஓ.வை 400 என்று வைத்து 312 படங்கள் எடுத்தேன். அந்த மேடை வெளிச்சத்துக்குக் கேமரா கொடுத்த ஷட்டர் வேகம் 1/30. அதை நான் பார்க்கவே இல்லை. பின்பக்கச் சின்னத் திரையில் எல்லாம் அழகாகத்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து கணினியில் திறந்தால் கை இருக்க வேண்டிய இடத்தில் புகை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு முகம். 312இல் ஒன்றே ஒன்றுதான் தெளிவாக இருந்தது. அவள் வசனத்தை மறந்துபோய், வாயைத் திறந்தபடி சிலையாக நின்ற அந்த நொடி. "சித்தப்பா, இதத் தவிர வேற எதுவுமே எடுக்கலயா?" என்று கேட்டாள். இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

சரி, அத்தோடு புத்தி வந்ததா என்றால் இல்லை. லென்ஸ்தான் மட்டம் என்று தீர்ப்பு எழுதினேன். ஏழு மாதம் காசு சேர்த்து விலை கூடிய இன்னொரு ஜூம் லென்ஸ் வாங்கினேன். அடுத்த விழாவிலும் அதே புகை. அப்புறம்தான் ஒருநாள் இரவு, எரிச்சலில், ஒவ்வொரு படத்தின் விவரத்தையும் திறந்து பார்த்தேன். 1/30, 1/30, 1/25, 1/40. மேடையில் குதிக்கும் பிள்ளையை 1/30 நொடியில் எந்த லென்ஸும் நிறுத்திக் காட்டாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1/30இலிருந்து 1/60, 1/125, 1/250 என்று மூன்று படி ஏற வேண்டும். அதே வெளிச்சத்தில் அதற்கு ஈடாக ஐ.எஸ்.ஓ.வும் மூன்று படி ஏற வேண்டும்: 400, 800, 1600, 3200. அவ்வளவுதான். ஒரு சக்கரத்தை மூன்று முறை திருகியிருந்தால் நாடகம் முழுக்கக் கிடைத்திருக்கும், லென்ஸ் காசும் மிஞ்சியிருக்கும். ஐ.எஸ்.ஓ. 3200இல் கொஞ்சம் புள்ளி தெரிந்திருக்கும். தெரிந்துவிட்டுப் போகட்டும். புள்ளியைக் குறைக்க இன்றைக்கு நல்ல மென்பொருள்கள் இருக்கின்றன. புகையாகிப்போன கையை நம்பும்படி மீட்டுத் தர எதுவும் இல்லை.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்றால், ஃபிலிம் காலத்திலிருந்து. ஃபிலிமின் வேகத்தைக் குறிக்க அமெரிக்கர்களிடம் ஏ.எஸ்.ஏ. என்று ஓர் அளவு, ஜெர்மானியர்களிடம் டின் என்று ஓர் அளவு இருந்தது. 1974இல் இரண்டையும் இணைத்து ஐ.எஸ்.ஓ. ஆக்கினார்கள். வேகமான ஃபிலிம் என்றால் அதில் வெள்ளி உப்பின் துகள்கள் பெரியவை. துகள் பெரிதானால் படத்தில் மணல் போட்டது போலத் தெரியும். அப்புறம் வந்த தொடக்க கால டிஜிட்டல் கேமராக்களும் 800ஐத் தாண்டினாலே திணறின. அன்றைக்கு அந்த உபதேசம் நியாயம்தான். கேமராக்கள் மாறிவிட்டன, உபதேசம் மட்டும் மாறாமல் கை மாறிக்கொண்டே வருகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது பலருக்குத் தலைகீழாகப் புரிந்திருக்கிறது. புள்ளி வருவதற்கு முதல் காரணம் ஐ.எஸ்.ஓ. இல்லை, வெளிச்சப் பற்றாக்குறை. முற்றத்தில் நூறு கிண்ணங்களைப் பரப்பி வையுங்கள். நான்கு தூறல் விழுந்ததும் எடுத்துவிட்டால் ஒன்றில் மூன்று துளி, ஒன்றில் எட்டு, ஒன்றில் எதுவுமே இல்லை. மழை கொட்டித் தீர்த்த பிறகு பார்த்தால் எல்லாக் கிண்ணத்திலும் ஏறக்குறைய ஒரே மட்டம். கேமராவுக்குள் ஒளியைப் பிடிக்கும் சென்சாரில் ஒளி விழுவதும் அப்படித்தான். சென்சாரின் ஒரு பிக்சலுக்குச் சராசரியாக 100 ஒளித்துகள் வந்தால் ஏற்ற இறக்கம் 10 அளவில் இருக்கும், அதாவது பத்து சதவீதம். 10,000 வந்தால் ஏற்ற இறக்கம் 100, ஒரே ஒரு சதவீதம். அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் நாம் நாய்ஸ் என்கிறோம். ஐ.எஸ்.ஓ.வை ஏற்றுவதால் சென்சாரில் விழும் மழை கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. பிடித்து வைத்ததைக் கேமரா பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவே.

அதனால்தான் "ஐ.எஸ்.ஓ. 100இல் இருட்டாக எடுத்துக்கொள்கிறேன், பிறகு கணினியில் வெளிச்சம் ஏற்றிக்கொள்கிறேன்" என்ற சாமர்த்தியமும் பலிக்காது. புள்ளி அதே அளவு வரும். பல கேமராக்களில் கூடுதலாகவே வரும்.

புள்ளியைத் தேடி நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்க்கும் பழக்கம் தனி வியாதி. 24 மெகாபிக்சல் படத்தை 1920க்கு 1080 திரையில் அப்படிப் பார்த்தால் ஒரு நேரத்தில் படத்தின் பன்னிரண்டில் ஒரு பங்குதான் கண்ணில் படும். யாரும் படத்தை அப்படிப் பார்ப்பதில்லை. முழுப் படமாகச் சுருக்கும்போது பக்கத்துப் பிக்சல்கள் ஒன்றோடொன்று கலந்து நாய்ஸ் பாதி மறைந்துவிடும்.

என் கை நடுங்காது, கேமராவிலேயே நடுக்கத்தை ஈடுகட்டும் ஸ்டெபிலைசேஷன் இருக்கிறது என்பார்கள். இருக்கட்டும். அது உங்கள் நடுக்கத்தைத் தாங்கும். எதிரே ஓடுகிறவரைத் தாங்காது. கைநடுக்கத்துக்குப் பழைய சூத்திரம் ஒன்று உண்டு: லென்ஸ் எத்தனை மி.மீ.யோ அதை ஒன்றுக்குக் கீழே எழுதினால் குறைந்தபட்ச வேகம். 50 மி.மீ.க்கு 1/50; சென்சார் சின்னதாக இருந்தால் அதோடு ஒன்றரையைப் பெருக்கி 1/80 அளவில் வையுங்கள். ஆட்களின் அசைவுக்கு நான் வைத்துக்கொள்ளும் கணக்கு: உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கு 1/125, நடப்பவர்களுக்கு 1/250, ஓடும் குழந்தைகளுக்கும் நடனத்துக்கும் 1/500, பறக்கும் பறவைக்கு 1/2000.

இதையெல்லாம் ஒவ்வொரு படத்துக்கும் யோசித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மெனுவில் ஆட்டோ ஐ.எஸ்.ஓ. இருக்கும். மேல் வரம்பை 6400இல் வையுங்கள். பக்கத்திலேயே குறைந்தபட்ச ஷட்டர் வேகம் என்று ஒன்று இருந்தால் அதை 1/250இல் வையுங்கள். இல்லாவிட்டால் ஷட்டரையும் அப்பர்ச்சரையும் நீங்கள் முடிவு செய்துவிட்டு ஐ.எஸ்.ஓ.வைக் கேமராவிடம் விடலாம்.

ஒரு எச்சரிக்கை. வேகத்தை ஏற்றியதும் சில எல்.இ.டி., டியூப்லைட் வெளிச்சத்தில் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் வரலாம். அந்த விளக்குகள் நொடிக்கு 100 அல்லது 120 முறை மினுக்குகின்றன. 1/500இல் எடுக்கும்போது மினுக்கலின் நடுவில் அகப்பட்டுக்கொள்வோம். கேமராவில் ஆன்டி ஃப்ளிக்கர் வசதி இருந்தால் போடுங்கள். இல்லாவிட்டால் 1/100க்கோ 1/125க்கோ இறங்கி, ஆள் அசையாத நொடிக்குக் காத்திருங்கள். கேமரா கெட்டுவிட்டது என்று சர்வீசுக்கு ஓடாதீர்கள்.

அசைந்த படமும் கலைதானே என்று ஒருவர் கேட்டார். இரண்டாம் உலகப் போரில், 1944 ஜூன் 6 அன்று பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில் போர்க்கள போட்டோகிராஃபர் ராபர்ட் காப்பா எடுத்த படங்களும் அசைந்துதான் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. அவரைச் சுற்றிக் குண்டு விழுந்துகொண்டிருந்தது. நான் இருந்தது பள்ளி அரங்கத்தின் நான்காவது வரிசை.

எஃப்/1.8 வாங்கியதும் எல்லாவற்றையும் எஃப்/1.8இல் எடுப்பது

50 மி.மீ. எஃப்/1.8 நல்ல லென்ஸ். கேமராவோடு சேர்ந்தே வரும் கிட் லென்ஸின் எஃப்/5.6ஓடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். கை பரபரக்கும், தெரியும். ஆனால் ஒரு மீட்டர் தூரத்தில் இருக்கும் முகத்தை அதில் எடுத்தால் தெளிவாக இருக்கும் ஆழம் மூன்று நான்கு செ.மீ.தான். ஒரு கண் இருக்கும், இன்னொரு கண் கரைந்திருக்கும். ஒரு தம்பதியை இப்படி எடுத்துக் கொடுத்தேன். கணவர் பளிச்சென்று இருந்தார், அரை அடி பின்னால் நின்ற மனைவி மங்கலாக. அந்தப் படம் அவர்கள் வீட்டுச் சுவருக்கு வரவில்லை, காரணத்தை அவர் சொல்லவும் இல்லை. இரண்டு பேர் என்றால் எஃப்/4, கூட்டம் என்றால் எஃப்/8 பக்கம் போய்விடுங்கள். வேகம் குறைகிறதே என்றால், மேலே சொன்ன ஐ.எஸ்.ஓ. சக்கரம் இருக்கிறது.

எல்லாம் தெளிவாக வரட்டும் என்று எஃப்/22

வராது. துளை அவ்வளவு சின்னதானால் ஒளி விளிம்பில் வளைந்து படம் முழுக்க மெத்தென்றாகிவிடும். எஃப்/8, எஃப்/11 போதும்.

பின்பக்கத் திரையைப் பார்த்து வெளிச்சத்தை முடிவு செய்வது

இருட்டில் திரை பளபளக்கும். படம் சரியான வெளிச்சத்தில் இருப்பதாகத் தோன்றும். வெயிலில் திரை மங்கித் தெரியும். இன்னும் ஏற்றலாம் என்று தோன்றும். இரண்டும் பொய். ஹிஸ்டோகிராம் என்று மலைமேடு மாதிரி ஒரு வரைபடம் வரும், அதைப் பாருங்கள். மேடு வலது சுவரில் போய் முட்டி நின்றால் வானமோ வெள்ளைச் சட்டையோ வெளுத்துப்போய்விட்டது என்று பொருள். அங்கே தொலைந்த விவரம் தொலைந்ததுதான்.

மேனுவலில் எடுத்தால்தான் போட்டோகிராஃபர்

எல்லா அளவையும் நாமே திருகி வைப்பதுதான் மேனுவல். அதில்தான் பெருமை என்பது வெறும் ஜம்பம். மேகம் நகர்ந்துகொண்டிருக்கும் நாளில் சக்கரத்தைத் திருகிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சிரிப்பு முடிந்த பிறகு கிளிக் சத்தம் கேட்கும்.

ஜேபெக் மட்டும் எடுப்பது

ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். சென்சார் பிடித்ததை அப்படியே வைத்திருக்கும் 14 பிட் ரா கோப்பில் 16,384. நிழலைத் தூக்க வேண்டும், விளக்கின் மஞ்சளைக் குறைக்க வேண்டும் என்றால் இந்த வித்தியாசம் தெரியும். பழகும் காலத்தில்தான் நாம் அதிகம் தப்பு செய்வோம். ரா அப்போதுதான் அதிகம் தேவைப்படும். வேடிக்கை என்னவென்றால், "நான் இன்னும் கத்துக்குட்டிதானே" என்று சொல்லித்தான் பலரும் ஜேபெக்கிலேயே நிற்கிறார்கள். கார்டில் இடம் இருந்தால் இரண்டையும் சேர்த்தே பதியுங்கள்.

நகலெடுக்காத கார்டை ஃபார்மேட் செய்வது

செய்துவிட்டீர்களா? அந்தக் கார்டில் இனி ஒரு படம்கூட எடுக்காதீர்கள். உடனே வெளியே எடுத்து மீட்பு மென்பொருளில் போட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும். மேலே புதிதாக எழுதிய இடம் திரும்பி வராது.

கேமராவிலேயே படங்களை அழிப்பது

வேண்டாம். அந்த 312ஐயும் அன்றிரவே அழித்திருந்தால் 1/30 என்ற எண் என் கண்ணில் பட்டிருக்காது.

லென்ஸ் தூசியை வாயால் ஊதுவது

எச்சில் தெறிக்கும். ரப்பர் பம்பு ஒன்று பையில் கிடக்கட்டும்.