சென்டிமீட்டரைப் பாதியாக்கினால் கிலோமீட்டர்

1:50,000 அளவுத்திட்ட வரைபடத்தில் இரண்டு இடங்களுக்கு நடுவே ஸ்கேல் வைத்து அளந்து, வரும் சென்டிமீட்டரைப் பாதியாக்குங்கள். அதுதான் கிலோமீட்டர். 7 செ.மீ. என்றால் 3.5 கி.மீ. கால்குலேட்டரே வேண்டாம்.

தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வொர்த் பக்கம் புவியியல் படிக்கும் நம் பிள்ளைகள் அதிகம் புரட்டுவது இந்த வரைபடத்தைத்தான். தாளில் 1 செ.மீ. என்பது தரையில் 50,000 செ.மீ., அதாவது 500 மீட்டர். இரண்டு சேர்ந்தால் ஒரு கிலோமீட்டர். வளைந்து நெளியும் ஆற்றுக்கு ஸ்கேல் சரிப்படாது. தையல் நூலை வளைவோடு வளைவாகப் படியவைத்து, முடியும் இடத்தில் பேனாவால் புள்ளி வைத்து, அப்புறம் நேராக்கி அளக்கலாம். கம்பளி நூல் வேண்டாம், இழுத்த இழுப்புக்கெல்லாம் நீளும். பரப்பளவு கேட்டால் மட்டும் சதுர சென்டிமீட்டரை நாலால் வகுக்க வேண்டும். அங்கேயும் பாதியாக்கினால் மதிப்பெண் போச்சு.

கூடவே தரும் ஆர்த்தோபோட்டோ வரைபடத்துக்கு, அதாவது வானிலிருந்து எடுத்த புகைப்படத்தை வைத்துச் செய்த வரைபடத்துக்கு, இந்தக் கணக்கு ஒத்துவராது. அது 1:10,000, அதில் 10 செ.மீ.தான் ஒரு கிலோமீட்டர். ஜெராக்ஸில் சுருக்கியோ பெரிதாக்கியோ எடுத்த படத்திலும் பலிக்காது. அப்போது வரைபடத்தின் அடியில் உள்ள கோட்டு அளவுகோலை நம்புங்கள், படத்தோடு சேர்ந்து அதுவும் சுருங்கியிருக்கும். டிராகன்ஸ்பெர்க் மலை ஏறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இப்படிக் கிடைப்பது கிடைமட்டத் தூரம்தான், கால் நடக்கும் தூரம் அதைவிட அதிகம்.