டிரெய்லர் ஆக்சிலை நேர் பார்ப்பது: முதலில் ஆட்டம், பிறகுதான் அளவு

நான்கு டயரில் ஒன்று மட்டும் ஓரத்தில் மொட்டையாகிறது, பின்னால் வரும் டிரெய்லர் கொஞ்சம் கோணலாக இழுபடுகிறது என்றால், ‘ஆக்சில் வளைந்துவிட்டது’ என்றுதான் எல்லோரும் முதலில் நினைக்கிறார்கள். சில சமயம் அது உண்மைதான். ஆனால் பட்டை ஸ்பிரிங் (இரும்புப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங்) போட்ட டிரெய்லர்களில் பல நேரம் ஆக்சில் நன்றாகவே இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் சின்ன புஷ்களும் (போல்ட் துளைக்குள் இருக்கும் குழாய்த் துண்டுகள்) போல்ட்டுகளும்தான் தேய்ந்து போயிருக்கும். அதனால் டேப்பை எடுப்பதற்கு முன் ஆட்டம் பாருங்கள்.

இங்கே சொல்வது இரண்டு ஆக்சில், பட்டை ஸ்பிரிங் வகைக்கு. பட்டைக்குப் பதில் ஆக்சிலுக்குள் இருக்கும் ரப்பரே ஸ்பிரிங்காக வேலை செய்யும் ரப்பர் டார்ஷன் ஆக்சில் என்றால், முக்கியமாக அளவும் உயரமும் பார்க்கும் பகுதிகள் பொருந்தும்.

படி 1: டயரைப் படியுங்கள்

இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. நடுவில் மட்டும் என்றால் காற்று அதிகம். உள்ளோரம் மட்டும் என்றால் பாரம் தாங்காமல் ஆக்சில் தொய்ந்திருக்கலாம். அங்கங்கே குழி குழியாக இருந்தால் பேரிங் ஆட்டம் அல்லது வீல் பேலன்ஸ். ட்ரெட்டின் (டயரின் தரை தொடும் பகுதி) மேல் குறுக்காகக் கையை ஓட்டும்போது ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் ரம்பம் போலவும் இருந்தால், சக்கரம் பக்கவாட்டில் உரசிக்கொண்டே உருண்டிருக்கிறது. நேர் பார்க்க வேண்டியது பெரும்பாலும் இந்த வண்டிதான்.

படி 2: தூக்குங்கள், ஆட்டம் தேடுங்கள்

சமதளத்தில் நிறுத்தி, மறுபக்கச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கப்ளர் (இழுவண்டியின் பந்தில் மாட்டும் டிரெய்லரின் முன்முனை) இழுவண்டியில் மாட்டியே இருக்கட்டும். ஜாக்கியை சேஸிஸ் சட்டத்தில், ஸ்பிரிங் பிராக்கெட்டுக்குப் பக்கத்தில் கொடுங்கள். ஆக்சில் குழாயின் நடுவில் கொடுக்கவே கூடாது, குழாய் வளையும். தூக்கியதும் சட்டத்துக்கு அடியில் ஸ்டாண்ட் வைத்துவிட்டு மட்டுமே கீழே கையை விடுங்கள்.

சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசையுங்கள். கடகடவென்றால் பேரிங்கைச் சரி செய்த பிறகுதான் மற்றதெல்லாம். அடுத்து ஒரு கடப்பாரையை ஸ்பிரிங் கண்ணுக்கும் (முனையில் போல்ட் நுழையும் வளையம்) பிராக்கெட்டுக்கும் இடையில் கொடுத்து மெல்ல நெம்புங்கள். இரண்டு ஸ்பிரிங்குகளுக்கு நடுவே ஊசலாடும் ஈக்வலைசரையும், அதைத் தொங்கவிடும் ஷேக்கிள் தகடுகளையும் அதே மாதிரி பாருங்கள். தொழிற்சாலையிலிருந்து பல டிரெய்லர்களில் நைலான் புஷ்தான் வருகிறது. அது தேய்ந்து தீர்ந்ததும் போல்ட் இரும்போடு இரும்பாக உரசி, வட்டத் துளையை முட்டை வடிவமாக்கிவிடும். அங்கே போகும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் ஆக்சிலை முன்னுக்கோ பின்னுக்கோ நகர்த்தும்.

தேய்ந்திருந்தால் வெண்கல புஷ், கிரீஸ் நிப்பிள் உள்ள போல்ட் என்று மாற்றுங்கள். செலவு கொஞ்சம் கூடினாலும் என் கணக்கில் இந்த வேலையிலேயே பிரயோஜனமான செலவு இதுதான். நைலான் பூட்டு நட்டுகளைத் திரும்பப் போடாதீர்கள், புதிதாக வாங்குங்கள். ஷேக்கிள் போல்ட்டை முரட்டுத்தனமாக இறுக்கினால் ஷேக்கிள் திரும்ப மறுக்கும். தயாரிப்பாளர் சொன்ன இறுக்கம் போதும். பிராக்கெட் வெல்டிங்கில் விரிசல் தெரிந்தால் வேலையை அங்கேயே நிறுத்தி வெல்டரிடம் காட்டுங்கள்.

படி 3: அளவு

வண்டியைக் கீழே இறக்கி உடனே அளக்கக் கூடாது. இறக்கும்போது டயர் தரையைக் கவ்விப் பிடித்து ஸ்பிரிங்கை ஒரு பக்கமாக முறுக்கியிருக்கும். வளைத்துத் திருப்பி நிறுத்தினாலும் இதே கதைதான். பத்து மீட்டராவது நேராக முன்னால் இழுத்து, அப்படியே நிறுத்துங்கள். வழக்கமாக ஏற்றும் சாமான் உள்ளேயே இருக்கட்டும்.

கப்ளரின் பந்து மையத்திலிருந்து தூக்குக்குண்டு விட்டு, தரையில் சாக்பீஸால் ஒரு புள்ளி. முன் ஆக்சிலின் இடது, வலது முனைகளில் ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) மையத்துக்கு நேர் கீழேயும் ஒவ்வொரு புள்ளி. தூக்குக்குண்டு இல்லாமல் கண்ணால் பார்த்துப் போட்டால் இந்த வேலைக்கு அர்த்தமே இல்லை. கப்ளர் புள்ளியிலிருந்து இரண்டு முனைகளுக்கும் உள்ள தூரத்தை, டேப்பை நன்றாக இழுத்துப் பிடித்து அளங்கள். இரண்டும் சமமாக இருக்க வேண்டும். 3 மில்லிமீட்டர் வரை வித்தியாசம் பரவாயில்லை. இடது முனை குட்டையாக இருந்தால் ஆக்சிலின் இடப்பக்கம் முன்னால் வந்திருக்கிறது, ஓடும்போது டிரெய்லரின் வால் வலப்பக்கம் ஒதுங்கும்.

அப்புறம் முன் ஹப் மையத்திலிருந்து பின் ஹப் மையம் வரை, இரண்டு பக்கமும். இங்கே கறார் அதிகம்: வித்தியாசம் 1.5 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் இன்னொரு முறை அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

காலி வண்டியில் ஆக்சில் குழாய் நடுவில் லேசாக மேல்நோக்கி வளைந்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பாரம் ஏறியதும் சக்கரம் நேராக நிற்க வேண்டும் என்று வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள். அதைச் சுத்தியலால் ‘நேராக்க’ முயல வேண்டாம்.

படி 4: திருத்தம்

பட்டை ஸ்பிரிங் டிரெய்லரில் பெரும்பாலும் திருகிச் சரி செய்ய ஸ்க்ரூ எதுவும் கிடையாது. புஷ் மாற்றியும் அளவு தவறினால், ஸ்பிரிங்கை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட்டுகளைப் பாருங்கள். ஸ்பிரிங் அடுக்கை ஒன்றாகப் பிடிக்கும் நடு போல்ட்டின் தலை, ஆக்சில் இருக்கையின் துளைக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆக்சிலின் இடத்தைத் தீர்மானிப்பது அதுதான். தலை அறுந்தோ விலகியோ இருந்தால் ஆக்சில் ஸ்பிரிங்கின் மேல் நழுவியிருக்கும். நடு போல்ட்டை மாற்றிவிட்டு, புது யூ போல்ட் போட்டு, மூலைக்கு மூலை மாறி மாறி இறுக்குங்கள்.

அதுவும் சரியாக இருந்தால், திருகினால் ஆக்சிலை முன்பின் நகர்த்தும், மையம் விலகிய கேம் உள்ள அலைன்மென்ட் கிட் போடலாம், அல்லது பிராக்கெட்டை வெட்டி இடம் மாற்றி வெல்டிங் செய்யலாம். இரண்டாவது வேலையை ஆக்சில் கடைக்கு விட்டுவிடுங்கள். வளைந்த குழாயும் அவர்கள் வேலைதான்.

படி 5: உயரம்

சஸ்பென்ஷன் சரி செய்வது என்று ஸ்பிரிங்கையே நோண்டுகிறவர்கள் நிறைய. முதலில் முழுப் பாரத்தோடு வண்டியில் மாட்டி, சட்டத்தின் முன்முனையும் பின்முனையும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று பாருங்கள். மூக்கு தூக்கியிருந்தால் பின் ஆக்சில் அதிகம் சுமக்கும், தாழ்ந்திருந்தால் முன் ஆக்சில். பெரும்பாலும் இழுவண்டிப் பக்கம் பந்து மவுண்ட்டின் உயரத்தை மாற்றினாலே போதும். டார்ஷன் ஆக்சிலில் பாரத்தைப் பங்கிட ஈக்வலைசர் இல்லை, அதனால் அங்கே மட்டம் இன்னும் முக்கியம்.

மட்டமாக நிற்கும்போது ஈக்வலைசரும் ஏறக்குறைய மட்டமாக இருந்து, இரண்டு பக்கமும் ஊசலாட இடம் இருக்க வேண்டும். ஒரு ஸ்பிரிங் தட்டையாகிவிட்டது, அதன் பட்டை ஒன்று உடைந்திருக்கிறது என்றால் ஒன்றை மட்டும் மாற்றாமல் குறைந்தது அந்த ஆக்சிலின் ஜோடியை மாற்றுங்கள், அதே தாங்கு திறனில். கனமான ஸ்பிரிங் போட்டால் ஆக்சிலும் டயரும் கூடுதல் பாரம் தாங்கும் என்று நினைக்க வேண்டாம். அவற்றின் வரம்பு மாறாது, குலுக்கல்தான் கூடும்.

ஓட்டிப் பார்க்கும்போது

வீல் நட்டுகளை டார்க் ரென்ச்சால் நட்சத்திர வரிசையில் இறுக்குங்கள். அரை அங்குல ஸ்டட்டுக்கு வழக்கமான இறுக்கம் 90 முதல் 120 அடி-பவுண்டு. உங்கள் ரிம்முக்கு வேறு எண் சொல்லியிருந்தால் அதையே எடுங்கள். 15, 40, 80 கிலோமீட்டரில் நிறுத்தி மறுபடி இறுக்கம் பாருங்கள். யூ போல்ட்டையும் முதல் ஓட்டத்துக்குப் பிறகு ஒருமுறை பார்ப்பது நல்லது. நிறுத்தும்போதே ஒவ்வொரு ஹப்பின் பக்கத்திலும் கையை நீட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகக் கொதித்தால் பிரேக் உரசுகிறது அல்லது பேரிங் மிகவும் இறுகியிருக்கிறது.