பிடித்த சிங்கிள் பிளேயர் கேம் ஆன்லைனுக்குப் போய்விட்டால் என்ன செய்வது?

வருடக்கணக்காகத் தனியாக உட்கார்ந்து ரசித்து ஆடிய ஒரு தொடரின் அடுத்த பாகம் ஆன்லைன் மல்டிபிளேயர் என்று அறிவிப்பு வந்ததும் வருகிற கோபம் நியாயமான கோபம்தான். "காலம் மாறிப்போச்சு, பழகிக்கோ" என்பவர்களை விடுங்கள். ஆனால் அந்தத் தொடர் மேல் உள்ள பாசத்தில் முதல் நாளே முழு விலை கொடுத்து வாங்கிவிட்டுப் புலம்புவதும் தப்பு, ஆடிப் பார்க்காமலே ஒதுக்குவதும் சில நேரம் நஷ்டம். இரண்டுக்கும் நடுவில் செய்ய வேண்டியவை கொஞ்சம் இருக்கின்றன. பெரும்பாலும், அணு ஆயுதப் போரில் அழிந்த அமெரிக்காவில் நடக்கும் ஃபால்அவுட் தொடரின் ஆன்லைன் பாகமான ஃபால்அவுட் 76-ஐ வைத்தே சொல்கிறேன். கெட்டுப்போகக்கூடியது எல்லாம் அதில் கெட்டது, எவ்வளவு தூரம் திருத்த முடியும் என்பதும் அதிலேயே தெரிந்தது.

முதலில், உங்களிடமிருந்து போனது எது?

"ஆன்லைன் ஆக்கிக் கெடுத்துட்டாங்க" என்று மொத்தமாகச் சொன்னால் வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்க அது உதவாது. அந்தத் தொடரில் உங்களைப் பிடித்து உட்கார வைத்தது என்ன என்று பெயர் சொல்லி எழுதிப் பாருங்கள். கதையா, ஊரா, தனிமையா, நாம் எடுக்கும் முடிவுக்குக் கிடைக்கும் பலனா, மோட் (ரசிகர்கள் செய்து தரும் மாற்றங்கள்) போட்டு நம் இஷ்டத்துக்கு மாற்றுவதா?

2008-ல் வந்த ஃபால்அவுட் 3-ஐ எடுத்துக்கொள்வோம். அதில் மெகாட்டன் என்று ஒரு ஊர், நட்ட நடுவில் வெடிக்காத அணுகுண்டு. அதைச் செயலிழக்க வைக்கலாம், இல்லையென்றால் பர்க் என்கிற கோட்டு சூட்டுக்காரர் பேச்சைக் கேட்டு, தூரத்தில் டென்பென்னி டவர் மேலே நின்று பட்டனை அழுத்தி ஊரையே சாம்பலாக்கலாம். அழித்தால் அழிந்ததுதான். திரும்பிப் போய்ப் பார்த்தால் பெரிய பள்ளம் இருக்கும், கடை வைத்திருந்த மொய்ரா மட்டும் தோல் உருகிய கோலத்தில் உயிரோடு நிற்பாள், அதைச் செய்தது நீங்கள். ஃபால்அவுட் 76-லும் அணுகுண்டு உண்டு. மூன்று ஏவுதளங்கள் இருக்கின்றன, கோட் கண்டுபிடித்து ஏவலாம், விழுந்த இடம் சிவந்து எரியும், பெரிய பெரிய ஜந்துக்கள் வரும். கொஞ்ச நேரம் கழித்துப் போனால் மரம், புல், வீடு எல்லாம் பழையபடி நிற்கும். வேறு வழியும் இல்லை. ஒரு சர்வரில் ஏறக்குறைய இருபத்துச் சொச்சம் பேர் இருக்கும்போது நீங்கள் அழித்த ஊர் மற்றவர்களுக்கும் அழிந்தே கிடந்தால் அவர்கள் எங்கே போய்க் குவெஸ்ட் (கதையில் தரும் வேலை) எடுப்பார்கள்?

இதைத்தான் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். மற்ற ஆட்கள் வந்து தொந்தரவு செய்வார்கள் என்பது சின்னப் பிரச்சனை, அதை அடக்க வழி இருக்கிறது. உலகம் உங்களுடையது இல்லை என்பதுதான் பெரிய பிரச்சனை, அதை எந்த செட்டிங்கிலும் மாற்ற முடியாது. பழைய ஃபால்அவுட்டில் பிப்-பாயை (நம் கதாபாத்திரம் கையில் கட்டியிருக்கும் குட்டிக் கம்ப்யூட்டரை) திறந்தால் உலகம் அப்படியே உறைந்து நிற்கும், 76-ல் நிற்காது. ஒரு டெர்மினலில், அதாவது கேமுக்குள் வரும் கம்ப்யூட்டரில், செத்துப்போன ஒருவருடைய கடைசிக் கடிதத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து அடி விழும். சேவ் செய்துவிட்டு ஒரு பதில் சொல்லிப் பார்த்து, பிடிக்கவில்லையென்றால் லோட் செய்து இன்னொரு பதில் சொல்கிற பழக்கமும் போச்சு. நேரத்தை நிறுத்தி இலக்கைத் தேர்ந்தெடுத்துச் சுடும் வாட்ஸ், நேரம் நிற்காத வாட்ஸாகிவிட்டது.

இவற்றில் எது இல்லாவிட்டால் உங்களுக்கு அது ஃபால்அவுட்டே இல்லையோ, அது உங்கள் பட்டியலில் முதலில் வரட்டும். முடிவின் பலன்தான் உயிர் என்றால் 76-ஐ வாங்காதீர்கள், எத்தனை அப்டேட் வந்தாலும் அது முழுசாக வராது. ஊர் சுற்றுவதுதான் உயிர் என்றால் நிலைமையே வேறு. வெஸ்ட் வர்ஜீனியாவின் மலையும் சுரங்கமும் இலையுதிர்காலக் காடும் அந்தத் தொடரிலேயே மிக அழகான இடம் என்று நான் நினைக்கிறேன். அங்கே ஒயிட்ஸ்ப்ரிங் என்று ஒரு சொகுசு ஹோட்டல் வரும், கீழே ரகசியப் பதுங்குகுழியோடு. அது நிஜமாகவே அங்கே இருக்கிற கிரீன்பிரையர் ஹோட்டலை வைத்துச் செய்தது. பனிப்போர் காலத்தில் அமெரிக்க நாடாளுமன்றத்தை ஒளித்துவைக்க அதன் அடியில் உண்மையிலேயே பதுங்குகுழி கட்டியிருந்தார்கள்.

காசு கொடுப்பதற்கு முன்னால்

பொறுங்கள். ஆன்லைன் கேமை வெளியான வாரத்தில் வாங்குவது போல் மோசமான பேரம் கிடையாது. ஃபால்அவுட் 76 வந்தது 2018 நவம்பர் 14. அப்போது அதில் மனித கதாபாத்திரமே இல்லை, கண்ணில் படும் மனிதர் எல்லாம் இன்னொரு பிளேயர், கதை முழுக்க டேப்பிலும் குறிப்பிலும் ரோபோக்களிடமும்தான். மனிதர்களும் உரையாடல்களும் வந்தது வேஸ்ட்லேண்டர்ஸ் அப்டேட்டில், 2020 ஏப்ரலில். பொறுத்திருந்தவர்களுக்கு நல்ல கேம் குறைந்த விலையில் கிடைத்தது, ஓடிப்போய் வாங்கியவர்கள் சில வாரங்களிலேயே கடையில் விலை இறங்கியதைப் பார்த்தார்கள். 200 டாலர் கொடுத்து பவர் ஆர்மர் எடிஷன் வாங்கியவர்களுக்குச் சொன்ன கேன்வாஸ் பைக்குப் பதில் நைலான் பை வந்தது, கூச்சல் போட்ட பிறகுதான் கேன்வாஸ் பை தர ஒப்புக்கொண்டார்கள். ஸ்பெஷல் எடிஷன் ப்ரீ-ஆர்டர் எல்லாம் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் மொத்தச் செலவைப் பாருங்கள். பிளேஸ்டேஷனில் என்றால் பிஎஸ் பிளஸ் சந்தா தனியாக வேண்டும். கேமுக்குள்ளேயே மாதச் சந்தா இருக்கிறதா என்றும் பாருங்கள், 76-ல் ஃபால்அவுட் ஃபர்ஸ்ட் என்று 2019 அக்டோபரில் கொண்டுவந்தார்கள், தொடங்கியபோது மாதம் 12.99 டாலர். சர்வர் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். எல்டர் ஸ்க்ரோல்ஸ் என்ற இன்னொரு தொடரின் ஆன்லைன் பாகமான எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனுக்கு வட அமெரிக்கா, ஐரோப்பா என்று இரண்டுதான், சென்னையிலோ கொழும்பிலோ இருந்து ஆடினால் லேக் (அழுத்தியது தாமதமாக நடப்பது) இருக்கத்தான் செய்யும். இந்தப் பக்கத்திலிருந்து ஆடுபவர்கள் ஐரோப்பாவைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வாங்கினால் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் காசு திரும்பக் கிடைக்கும். அந்த 2 மணி நேரத்தை மூக்கை அகலமாக்கவும் முடி நிறம் மாற்றவும் செலவழிக்காதீர்கள். கிடைத்த முகத்தோடு வெளியே வாருங்கள், முதல் ஊருக்குப் போங்கள், ஒரு குவெஸ்டை முழுசாக முடியுங்கள், ஒரு டேப்பை முழுசாகக் கேளுங்கள், உங்கள் பட்டியலில் முதலில் இருப்பது இங்கே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் யோசிக்காமல் ரீஃபண்ட் கேளுங்கள். கொடுக்க மாட்டோம் என்று சொன்னாலும் உங்கள் நாட்டு நுகர்வோர் சட்டத்தைப் பாருங்கள். 76 விஷயத்தில் ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் தலையிட்டதால்தான், 2019-ல், மறுக்கப்பட்டவர்களுக்குக் காசைத் திருப்பித் தர 76-ஐ வெளியிட்ட நிறுவனம் ஒப்புக்கொண்டது.

வாங்கியாச்சு, இனி தனியாக ஆடுவது

முதல் வேலை செட்டிங்ஸ். வாய்ஸ் சாட்டை முழுசாக அணைத்துவிடுங்கள், முன்பின் தெரியாத வீட்டுக் குக்கர் விசில் சத்தம் காதில் கேட்டபடி பேரழிவுக்குப் பிந்தைய உலகத்தில் நடப்பது கஷ்டம். பேசிஃபிஸ்ட் மோடை ஆன் செய்யுங்கள், தெரியாமல் சுட்டு யாரோடும் சண்டையில் மாட்ட மாட்டீர்கள். லோன் வாண்டரர் என்ற பெர்க் கார்டு (கதாபாத்திரத்துக்குத் திறமை கூட்டும் அட்டை) தனியாகச் சுற்றுகிறவர்களுக்கென்றே இருப்பது, கரிஸ்மா என்ற பண்பின் கீழ் அதற்கு இடம் வையுங்கள். இதற்கு நேர் எதிரான இன்னொரு வழியும் உண்டு. பப்ளிக் டீம் ஒன்றில் சேர்ந்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் உங்கள் வழியே போகலாம், போனஸ் மட்டும் வந்துகொண்டிருக்கும், அங்கே பாதிப் பேர் அப்படித்தான் இருப்பார்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

கதையை நிதானமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஓவர்சியர் (உங்கள் பதுங்கிடத்தின் தலைவி) விட்டுப்போன டேப்புகளை ஒன்றன் பின் ஒன்றாகத் தேடிப் போனால் பழைய ஃபால்அவுட்டுக்கு மிக நெருக்கமான அனுபவம் அதுதான். டேப் கையில் கிடைத்த இடத்திலேயே கேட்காதீர்கள், உங்கள் கேம்பில் (நீங்களே அமைக்கும் முகாமில்) ஒரு கூரையும் நாலு சுவரும் கட்டிவைத்துக்கொண்டு, அங்கே ஃபாஸ்ட் டிராவல் செய்து (மேப்பில் தேர்ந்தெடுத்து நொடியில் போய்), உட்கார்ந்து கேளுங்கள். சொந்தக் கேம்புக்குப் போக காசு பிடிக்காது. பாஸ் பட்டன் (ஆட்டத்தை நிறுத்தி வைக்கும் பட்டன்) இல்லாத கேமில் நாமே செய்துகொள்கிற பாஸ் இது. டாப் ஆஃப் தி வேர்ல்ட் என்ற மலை உச்சிக்குப் போனால் ரோஸ் என்று ஒரு ரோபோ இருக்கும், செத்துப்போன கொள்ளைக்கூட்டத்தின் நினைவோடு தனியாகப் பேசிக்கொண்டிருக்கும். மனிதர் இல்லாத கேம் என்று திட்டு வாங்கிய அந்த முதல் வடிவத்திலும் இந்த மாதிரி எழுத்து இருந்தது என்பதை மறுக்க முடியாது.

2020 செப்டம்பரில் வந்த மாற்றத்துக்குப் பிறகு எதிரிகளின் பலம் உங்கள் லெவலுக்கு ஏற்ப மாறுகிறது, அதனால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நடக்கலாம். சீசன் பரிசு, தினசரி வேலைகள் என்று திரையோரத்தில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். கண்டுகொள்ளாதீர்கள். தினமும் வந்து போக வைப்பதற்காகச் செய்தவை அவை, கதைக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. ஸ்கார்ச்பீஸ்ட் குயின் மாதிரிப் பெரிய சண்டைகளுக்கு மட்டும் கூட்டத்தோடு போங்கள், தனியாக முடிக்க நினைத்தால் எரிச்சல்தான் மிஞ்சும். தனி சர்வர் வேண்டுமென்றால் ஃபால்அவுட் ஃபர்ஸ்ட் சந்தாவில் கிடைக்கும். ஒரே ஒரு மாதம் கட்டி, கதையை அந்த மாதத்தில் முடித்துவிட்டு, சந்தாவை நிறுத்துவதுதான் என் யோசனை. தனியாக ஆடுவதற்குத் தனிக் காசா என்று கோபம் வருகிறவர்கள் கட்ட வேண்டாம், அந்தக் கோபம் எனக்கும் உண்டு.

மற்ற தொடர்களில் வேலை இன்னும் சுலபம். எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனில் 2016-ல் வந்த ஒன் டாம்ரியல் அப்டேட்டுக்குப் பிறகு எந்த ஊரிலும் எந்த வரிசையிலும் தனியாகச் சுற்றலாம், 2021-லிருந்து கூட வர துணைக் கதாபாத்திரங்களும் உண்டு. ஃபைனல் ஃபேண்டஸி 14-ல் முக்கியக் கதையின் டன்ஜன்களை (குழுவாகப் போய் முடிக்கும் சண்டைக் கட்டங்களை) மற்ற பிளேயர்கள் இல்லாமல், கேமே தருகிற ஆட்களை வைத்து முடிக்கலாம், இலவச ட்ரையலும் பெரியது. டிராகன் குவெஸ்ட் 10-க்கு ஜப்பானில் 2022-ல் ஆஃப்லைன் பதிப்பே தனியாகப் போட்டார்கள்.

குறையை எப்படிச் சொல்வது

சொல்லத்தான் வேண்டும், சொன்னதால்தான் மாறியிருக்கிறது. சிம்சிட்டி என்ற நகரம் கட்டும் கேம் 2013 மார்ச்சில் எப்போதும் இணையம் வேண்டும் என்று வந்தது, சர்வர் தாங்காமல் வாங்கியவர்களே உள்ளே போக முடியவில்லை, அதைச் செய்தவர்கள் ஆஃப்லைனில் ஓடவே முடியாத மாதிரிப் பேசினார்கள், ஒரே வருடத்தில் ஆஃப்லைன் மோட் வந்தது. ரெட்ஃபால், சூசைட் ஸ்குவாட் இரண்டுக்கும் 2024-ல்தான் ஆஃப்லைன் கிடைத்தது, அதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது.

எழுதும்போது "குப்பை கேம்" என்று ஒரு வரி போட்டால் எண்ணிக்கையில் ஒன்று கூடும், அவ்வளவுதான். எந்த இடத்தில், என்ன செய்துகொண்டிருந்தபோது, பழைய பாகத்தில் எப்படி இருந்தது, இங்கே என்ன ஆனது என்று எழுதுங்கள். "டெர்மினல் படிக்கும்போது அடி விழுகிறது, படிக்கும் நேரமாவது பாதுகாப்பு கொடுங்கள்" என்ற வரியை ஒரு புரோகிராமர் எடுத்து வேலை செய்ய முடியும். எழுதியவர்களையும் வரைந்தவர்களையும் தனிப்பட்ட முறையில் திட்டாதீர்கள், ஆன்லைன் ஆக்கலாம் என்ற முடிவு அவர்கள் மேஜையில் எடுத்ததாக இருக்காது. நிறுவனத்துக்கு எழுதுவதைவிட வலுவானது வாங்காமல் இருப்பது, அதையும் ஏன் வாங்கவில்லை என்று காரணத்தோடு சொல்வது.

ஒருநாள் சர்வரை மூடுவார்கள்

இதை யாரும் பெட்டி மேல் பெரிசாக எழுத மாட்டார்கள். தி க்ரூ என்ற கார் கேமை 2024 மார்ச் 31 அன்று மூடினார்கள், தனியாக ஆடக்கூடிய கதையும் அதோடு போச்சு, காசு கொடுத்து வாங்கியவர்கள் கையில் ஒன்றும் இல்லை. அதிலிருந்து பிறந்ததுதான் ஸ்டாப் கில்லிங் கேம்ஸ் இயக்கம், ஐரோப்பாவில் அவர்களுடைய மனுவில் பத்து லட்சத்துக்கு மேல் கையெழுத்து சேர்ந்தது. அந்த மனுவுக்குக் கையெழுத்து வாங்குவது 2025 ஜூலையோடு முடிந்துவிட்டது, ஆனால் அந்த இயக்கம் என்ன கேட்கிறது என்று படித்து வைத்துக்கொள்ளுங்கள், மூடும்போது ஆடக்கூடிய நிலையில் விட்டுப்போங்கள் என்பதுதான். உங்கள் கேரக்டர், கட்டிய கேம்ப் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட்டும் வீடியோவுமாக அவ்வப்போது எடுத்து உங்கள் டிஸ்கில் போட்டுவையுங்கள். பழைய பாகங்களை ஜிஓஜி மாதிரி டிஆர்எம் (காப்பி எடுக்க விடாத பூட்டு) இல்லாத ஆன்லைன் கடையில் வாங்கி, இன்ஸ்டாலரையே இறக்கி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

இதெல்லாம் ஒத்துவராது, எனக்குத் தனியாக ஆடுகிற ஃபால்அவுட்தான் வேண்டும் என்கிறவர்களுக்கு: ரசிகர்களே சேர்ந்து ஃபால்அவுட் 4-ன் மேல் கட்டிய ஃபால்அவுட்: லண்டன் 2024 ஜூலையில் வந்தது. இலவசம், முழுக் கேம் அளவுக்குப் பெரியது, பாஸ் செய்யலாம், சேவ் செய்யலாம். 2024 ஏப்ரலில் வந்த ஃபால்அவுட் 4 அப்டேட்டோடு அது ஒத்துப்போகாமல் தகராறு செய்தது, அதனால் ஜிஓஜியில் ஃபால்அவுட் 4 வாங்கி அங்கிருந்தே போடுவதுதான் தலைவலி குறைந்த வழி. டிஸ்கில் நிறைய இடம் வேண்டும், ராத்திரி டவுன்லோடு போட்டுவிட்டுப் படுங்கள்.