பாணியில் மாற்றியும் மாறாத தமிழ் எழுத்துரு

லிப்ரேஆஃபிஸ் ரைட்டர் செயலியில், நீளமான கட்டுரை ஒன்றின் பத்திப் பாணியில் (பத்திகளின் எழுத்துரு, அளவு போன்றவற்றை ஒரே இடத்தில் வைத்திருக்கும் அமைப்பு) எழுத்துருவை மாற்றி, அளவையும் 12-லிருந்து 14 ஆக்கினேன். ஆங்கிலச் சொற்கள் மட்டும் பெரிதாயின, தமிழ் அசையவில்லை. எழுத்துருதான் கெட்டுவிட்டது என்று நினைத்து அதை நீக்கி மறுபடி நிறுவினேன். பயனில்லை.

காரணம் வேறு. இந்தச் செயலி ஒவ்வொரு பாணிக்கும் மூன்று எழுத்துருக்களை வைத்திருக்கிறது: மேற்கத்திய எழுத்துகளுக்கு ஒன்று, சீனம், ஜப்பானியம் போன்றவற்றுக்கு ஒன்று, தமிழ், இந்தி, அரபு போன்ற சிக்கலான எழுத்தமைவுக்கு ஒன்று. அளவும் தனித்தனி. (‘கெ’யில் ககரத்துக்குப் பின்னால் சேமிக்கப்படும் கொம்பு திரையில் முன்னால் வர வேண்டுமே, அந்த மாதிரி வேலைதான் சிக்கலான எழுத்தமைவு.) என் திரையில் தெரிந்ததோ மேற்கத்திய எழுத்துகளுக்கான முதல் பெட்டி மட்டும்.

அமைப்புகளில் மொழிகள் பகுதிக்குப் போய், சிக்கலான எழுத்தமைவுக்கான கட்டத்தில் குறியிட்டேன். அப்புறம் பாணியைத் திறந்தால் தமிழுக்கான பெட்டி வந்துவிட்டது.

தேவைப்படாதவர்களுக்கு இதை மறைப்பது சரி. எல்லோருக்கும் மூன்று பெட்டிகளைக் காட்டினால் குழப்பம்தான். ஆனால் ஆவணத்தில் ஒரு தமிழ் எழுத்து விழுந்ததுமே அது தானாகத் தெரிய வேண்டும். யூனிகோடில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட தனித் தொகுதி இருக்கிறது. தட்டியது தமிழ் என்று செயலிக்கு நன்றாகவே தெரியும்.